ஸ்னோடன் (அர் வித்வா) குதிரைலாட வட்டம்: கிரிப் கோஹ் வழியாகப் போகலாமா?

பொடிநடை | மே 18, இரவு 9:42

எல்லாருக்கும் வணக்கம். ரெடிங்கிலிருந்து நாலு பேர் ஜூன் இரண்டாம் சனிக்கிழமை வேல்ஸ் போகிறோம். போன வருடம் ஸ்னோடனில் பிக் பாதையில் (Pyg Track) ஏறி இறங்கினோம். ஆறு மணி நேரம் ஆனது, மறுநாள் கால்வலிகூட இல்லை. அந்தத் தெம்பில் இந்தத் தடவை லாட வட்டம் முழுவதையும் சுற்றலாம் என்று ஆசை. பென்-அ-பாஸில் தொடங்கி கிரிப் கோஹ், கார்னெத் இகைன், ஸ்னோடன் சிகரம், லிவெத், மறுபடி பென்-அ-பாஸ். வரைபடத்தில் 12 கிலோமீட்டர்கூட வரவில்லை.

சிக்கல் கிரிப் கோஹ் என்கிற குறுகலான பாறை முகடுதான். வீடியோ பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் அதே வீடியோவில் ஒருத்தர் பின்னால் திரும்பிப் பேசிக்கொண்டே நடக்கிறார். எதை நம்புவது? எங்கள் நால்வரில் ஒருவருக்கு உயரம் அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது (மாடி பால்கனியில் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொள்வான்). கயிறு வேண்டுமா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

தனிவழி | மே 18, இரவு 10:15

தாராளமாகப் போங்க பாஸ். வெள்ளியங்கிரி ஏழு மலையும் வெறுங்காலோடு மூன்று தடவை ஏறியவன் சொல்கிறேன். கிரிப் கோஹ் முகடு மொத்தமே சில நூறு மீட்டர். கிரேடு 1 ஸ்க்ராம்பிளிங் (கையும் வைத்துப் பாறை ஏறுவது), அதாவது இருக்கிறதிலேயே எளிது. டிரெயில் ரன்னிங் ஷூ போதும். இங்கே வருகிறவர்கள் பயமுறுத்துவார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மான்செஸ்டர் மணி | மே 18, இரவு 11:03

இதோ, பயமுறுத்த வந்துவிட்டேன்.

தனிவழி, நானும் வெள்ளியங்கிரி போனவன்தான். அங்கே மூச்சு வாங்கும், தொடை நடுங்கும், ஆறாவது மலையில் குளிர் எலும்பைத் தொடும். எல்லாம் சரி. ஆனால் கால் தடுக்கினால் முட்டி சிராய்க்கும், எழுந்து நடக்கலாம். கிரிப் கோஹ்கில் அந்தச் சலுகை இல்லை. கிரேடு என்பது முக்கியமாக ஏறுவது எவ்வளவு கடினம் என்று சொல்கிற கணக்கு. பிடி நழுவினால் எங்கே போய் நிற்போம் என்பது அந்த எண்ணை மட்டும் பார்த்தால் தெரியாது.

பொடிநடை, பாதை எப்படி என்று சொல்கிறேன். பென்-அ-பாஸ் 359 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிக் பாதையில் முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஏறினால் பூல்ஹ் அ மோஹ் வரும். பன்றிக் கணவாய் என்று அர்த்தம். அங்கே பாதை பிரிகிறது. இடது பக்கம் பிக் பாதை, வலது பக்கம் கிரிப் கோஹ். சிகரத்துக்குப் போகிற பாதை என்று நினைத்து, முன்னால் போகிற கும்பலின் பின்னாலேயே தெரியாமல் வலதில் ஏறிவிடுகிறவர்கள் உண்டு. வந்தது எங்கே என்று தெரியும்போது இரண்டு கையும் பாறையில் இருக்கும்.

அங்கிருந்து கிழக்கு முகத்தில் நேர் ஏற்றம். நடை முடிந்து கை வேலை தொடங்குவது இங்கேதான். இதை ஏறுவது இறங்குவதைவிட எளிது. எல்லாரும் வட்டத்தை இந்தப் பக்கமிருந்தே தொடங்குவதற்கு அதுதான் காரணம். மேலே 923 மீட்டரில் முகடு. முகட்டின் விளிம்பைக் கைப்பிடிச் சுவர் மாதிரி பிடித்துக்கொண்டு, கால்களை இடது பக்கம், அதாவது தெற்குச் சரிவில், சற்றுக் கீழே வைத்து நகர வேண்டும். வலது பக்கம் எட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

முகட்டின் முடிவில் மூன்று பாறைக் கூர்கள் நிற்கும். வழி தேட வேண்டிய இடம் அது. அதைத் தாண்டினால் பூல்ஹ் கோஹ், புல் தரை, உட்கார்ந்து தண்ணீர் குடிக்கலாம்.

கயிறு: பயன்படுத்தத் தெரியாத கயிறு நாலு பேரையும் சேர்த்து இழுக்கும். தெரியாது என்றால் வேண்டாம். ஹெல்மெட் போடுங்கள்.

பொடிநடை | மே 19, காலை 7:20

மணி அண்ணே, மிக்க நன்றி. ஒன்று கேட்கிறேன். முகட்டின் நடுவில் போய் நண்பனுக்கு முடியாமல் போனால்? பாதியில் இறங்க வழி உண்டா?

மான்செஸ்டர் மணி | மே 19, காலை 8:05

சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. வந்த வழியே திரும்பலாம், ஆனால் அது இறங்கு ஸ்க்ராம்பிள், எதிரே ஏறி வருகிற கூட்டம் வேறு. முன்னே போனால் கார்னெத் இகைன் (1,065 மீட்டர்) தாண்டி பூல்ஹ் கிளாஸ் வரும்போதுதான் நல்ல பாதை காலுக்குக் கிடைக்கும். அங்கே ஆள் உயரக் கல் ஒன்று நட்டிருக்கிறது, பக்கத்திலேயே ரயில் தண்டவாளம். முடிவெடுக்க வேண்டிய இடம் பன்றிக் கணவாய். முகடு இல்லை.

ஈரச்சப்பாத்து | மே 19, மதியம் 1:31

மணி சொன்னது முழுக்கச் சரி. நான் ஹரோவில் இருக்கிறன், சொந்த ஊர் சாவகச்சேரி. மலை என்றதே இல்லாத ஊர். எங்கட ஊரில் உயரமான இடம் பனை மரத்தின் தலைதான்.

நான் சொல்ல வாறது மழையைப் பற்றி. பிரிட்டனில் ஆகக் கூடின மழை பெய்யிற இடங்களில் கிரிப் கோஹ் ஒன்று. ஆண்டுக்குச் சராசரி 4,000 மில்லிமீட்டருக்கு மேலே. சென்னைக்கு 1,400 அளவு என்றால் கணக்குப் பாருங்கோ. "காலமை வெயில் அடிக்குது, பின்னேரம்தான் மழை" என்று நம்பிக் கிழக்கு முகத்தில் ஏறினனான். முகட்டுக்கு வந்து பத்து நிமிசத்தில் முகில் மூடிவிட்டது. எனக்கு முன்னால் போனவரின் சப்பாத்து மட்டும் தெரிஞ்சது.

முகிலுக்குள் ஒரு வசதி என்னவென்றால் பள்ளம் தெரியாது. பயம் உண்மையில் குறைஞ்சது. ஆனால் கூர்ப் பாறைகளின் இடத்தில் எது பாதை, எது ஆரோ வழிதவறி நடந்த தடம் என்று பிடிபடவில்லை. அந்த முகட்டில் வலப் பக்கம் இறங்கின தடங்களும் உண்டு. அவை ஒரு இடத்துக்கும் போகாது. நாங்கள் இருபது நிமிசம் நின்ற இடத்திலேயே நின்றோம். பிறகு முகில் ஒருக்கால் விலகினது, பார்த்தால் சரியான வழி நாலடி இடப் பக்கம்.

சப்பாத்து பற்றித் தனிவழி சொன்னதுக்கு ஒரு சொல்: அன்றைக்கு என்னுடையதும் ஓட்டச் சப்பாத்துதான். என்ரை பெயர் அப்படி வந்ததுதான்.

தனிவழி | மே 19, மதியம் 2:10

:) பெயர்க் காரணம் அருமை. ஆனாலும் காய்ந்த நாளில் போனால் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வேன்.

ஈரச்சப்பாத்து | மே 19, மதியம் 2:26

தம்பி, அந்தக் காய்ஞ்ச நாள் எது என்று முதலே சொல்லிவிட்டால் நானும் வாறன்.

மட்டுறுத்துநர் | மே 19, மாலை 5:00

தேடுகிறவர்களுக்கு வசதியாகத் தலைப்பில் அர் வித்வா என்பதையும் சேர்த்துள்ளேன். தேசியப் பூங்கா நிர்வாகம் 2022 நவம்பரிலிருந்து அர் வித்வா (ஸ்னோடன்), எரரி (ஸ்னோடோனியா) என்ற வெல்ஷ் பெயர்களையே முதன்மையாகப் பயன்படுத்துகிறது.

நிலாச்சோறு | மே 19, இரவு 8:48

நான் இன்னும் போனதில்லை, படங்களை மட்டும் பார்த்து ஏங்குகிற கட்சி. சந்தேகம் ஒன்று. நடுவில் ஏரி, சுற்றிலும் லாடம் மாதிரி மலை. இது பழைய எரிமலை என்றும் படித்தேன். அப்படியானால் எரிமலை வாயின் விளிம்பில்தானே இவர்கள் எல்லாரும் நடக்கிறார்கள்?

கல்லும்கதையும் | மே 19, இரவு 10:30

நிலாச்சோறு, எனக்காகவே கேட்ட கேள்வி மாதிரி இருக்கிறது. பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன், வருடத்துக்கு ஒரு தடவையாவது இந்த மலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவேன் (லாட வட்டம் இல்லை, சுரங்கப் பாதையில், அதாவது பழைய சுரங்கத் தொழிலாளர்கள் போட்ட மலைப்பாதையில், ஏரி வரை). பஸ்ஸை விட்டு இறங்கியதும் யாராவது ஒரு பிள்ளை இதையே கேட்கும்.

எரிமலை உண்மை. விளிம்பு உண்மையில்லை.

சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், ஆர்டோவிசியன் காலத்தில், இன்றைய வேல்ஸ் பூமத்திய ரேகைக்குத் தெற்கே, ஒரு சிறு கண்டத்துண்டில் இருந்தது. ஆழமில்லாத கடல். அதில் எரிமலைகள் பெரிய அளவில் வெடித்தன. கொதிக்கும் சாம்பல் அடுக்கடுக்காகப் படிந்து இறுகி டஃப் என்கிற பாறையானது. ரையோலைட் என்கிற கெட்டியான குழம்பும் ஊடே நுழைந்தது. கிரிப் கோஹ்கில் நீங்கள் கையால் பிடிப்பது பெரும்பாலும் அந்த ரையோலைட்டைத்தான். பிறகு கண்டங்கள் மோதின, அடுக்குகள் பாய் மாதிரி மடிந்தன. எரிமலையின் கூம்பும் வாயும் எப்போதோ கரைந்து போயிற்று.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், சிகரம் நிற்கிற இடம் அந்த மடிப்பின் மேடு அல்ல, பள்ளம். மேடாக இருந்த பக்கங்கள் தேய்ந்து போக, பள்ளம் 1,085 மீட்டர் மலையாக நிற்கிறது. சிகரத்துப் பாறையில் கடல் சிப்பிப் புதைபடிவங்கள் இருக்கின்றன. கடலடியில் சாம்பலோடு சேர்ந்து புதைந்தவை. வேல்ஸின் உச்சியில் நின்று, ஒரு காலத்துக் கடல் தரையை மிதிக்கிறீர்கள்.

லாட வடிவம் மிகவும் பிந்தைய கதை, பனிக்கட்டியின் வேலை. நுங்கு தெரியுமல்லவா? பனங்காயைச் சீவினால் பக்கத்துப் பக்கத்தில் மூன்று கண். கட்டை விரலால் இரண்டு கண்ணைத் தோண்டிச் சாப்பிட்டால் நடுவில் மெல்லிசாக ஒரு தடுப்பு நிற்கும். பனியாறுகள் மலையை இரண்டு பக்கமிருந்தும் அப்படித்தான் தோண்டின. நடுவில் மிஞ்சிய தடுப்புதான் கிரிப் கோஹ். தோண்டிய குழியில் நிற்கிற தண்ணீர்தான் மேலே கிளாஸ்லின், கீழே லின் லடவ். கடைசிப் பனி போய் 11,500 ஆண்டு போலத்தான் ஆகிறது. 45 கோடியோடு வைத்துப் பார்த்தால் நேற்று மாலை.

ஏறுகிறவர்களுக்கும் இது உதவும். ரையோலைட் காய்ந்திருந்தால் நல்ல சொரசொரப்பு, கை நம்பலாம். ஆனால் முகட்டில் எல்லாரும் மிதிக்கிற படிகள் மட்டும் தேய்ந்து வழவழவென்று இருக்கின்றன. கோயில் நடைப்படி மாதிரி. ஈரமானால் அங்கேதான் வழுக்கும்.

நிலாச்சோறு | மே 19, இரவு 10:52

நுங்கு! இனி மறக்காது. நன்றி அக்கா.

வலதுமுழங்கால் | மே 20, காலை 6:40

இழை முழுவதும் கிரிப் கோஹ் கிரிப் கோஹ் என்றே போகிறது. வட்டத்தில் நாலு உச்சி இருக்கிறது ஐயா. எனக்கு அடிபட்டது கிரிப் கோஹ்கில் இல்லை.

இரண்டு வருடம் முன்பு. முகடு கடந்தாயிற்று, கார்னெத் இகைனும் ஆயிற்று, சிகரத்தில் படம் எடுத்து, கடல்காகத்திடமிருந்து சப்பாத்தியைக் காப்பாற்றி (அது பாதியைப் பிடுங்கியது), "கஷ்டமானது முடிந்தது" என்று ஒருவரை ஒருவர் தட்டிக்கொடுத்தோம். தப்பு அங்கே ஆரம்பித்தது.

சிகரத்திலிருந்து லிவெத்துக்குப் போக வாட்கின் பாதையில் இறங்க வேண்டும். அந்தப் பாதை சிகரத்திலிருந்து நேராகத் தொடங்காது. தென்மேற்கு முகட்டில் கொஞ்ச தூரம் போனால் ஒரு நட்ட கல் வரும், அங்கே இடது பக்கம் திரும்ப வேண்டும். பனிமூட்டத்தில் அந்தக் கல்லைத் தவறவிட்டுக் கண்ட இடத்தில் இறங்குகிறவர்கள் உண்டு. நாங்கள் கல்லைச் சரியாகவே கண்டுபிடித்தோம். ஆனால் அதற்குக் கீழே முழுவதும் சரளைக் கல், செங்குத்தான சரிவு. ஜல்லி கொட்டிய மேட்டில் இறங்குவது மாதிரி. மேலே ஒருவர் கால் வைத்தால் கீழே இருப்பவர் தலைக்குக் கல் வரும். நாலாவது மணி நேரத்துக் கால். வலது கால் சறுக்கியது, முழங்கால் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் திரும்பினோம்.

999 அழைத்து முதலில் போலீஸ் கேட்க வேண்டும், அப்புறம் மலை மீட்பு என்று சொல்ல வேண்டும். நான் ஆம்புலன்ஸ் என்றே கேட்டேன், அந்தக் குழப்பத்தில் சில நிமிடம் போயிற்று. விசில் இருந்தால் நிமிடத்துக்கு ஆறு ஊதல், பிறகு ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி. வந்தவர்கள் அத்தனை பேரும் தொண்டர்கள். ஒருவர் சனிக்கிழமை மதியச் சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்ததாகச் சொன்னார். காசு வாங்குவதில்லை. லான்பெரிஸ் பக்கத்துக் குழுவுக்கு ஆண்டுக்கு 200-க்கு மேல் அழைப்பு வருகிறதாம். அந்த எண்ணிக்கையில் நானும் ஒன்று என்பதில் பெருமை ஒன்றும் இல்லை.

பொடிநடை | மே 20, காலை 7:55

ஐயோ. இப்போது முழங்கால் எப்படி இருக்கிறது?

வலதுமுழங்கால் | மே 20, காலை 8:12

மழை வருமுன் சொல்லிவிடும். அந்த வகையில் லாபம்.

உங்களுக்கு ஒரு கணக்கு: வாட்கின் சரிவு முடிந்ததும் பூல்ஹ் அ சைதய், அம்புக் கணவாய். ஆர்தர் மன்னர் அம்பு பட்டு விழுந்த இடம் என்று கதை சொல்வார்கள். அதைத் தாண்டிப் போனால் வாட்கின் பாதை வலது பக்கம் கீழே இறங்கிப் போகும். களைப்பில் அதைப் பிடித்து இறங்காதீர்கள், அது வேறு பள்ளத்தாக்கில் கொண்டுவிடும். கார் மலைக்கு அந்தப் பக்கம் நிற்கும். நேரே போனால் லிவெத் ஏற்றம், 898 மீட்டர். மறுபடி கை வைத்து ஏற வேண்டும். இடது பக்கம் வடக்கு முகம், 300 மீட்டர் பாறைச் சுவர். எவரெஸ்ட் புகழ் மாலரி இளவயதில் பாறை ஏறிப் பழகிய சுவர்களில் ஒன்று. நாம் போவது விளிம்பை ஒட்டி. அதுவும் தெம்பு தீர்ந்த பிறகு.

மான்செஸ்டர் மணி | மே 20, காலை 9:30

இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கிரிப் கோஹ்கில் எல்லாரும் பயந்து, கவனமாக, புது உடம்போடு போகிறார்கள். லிவெத்தில் அந்த மூன்றும் இருக்காது. லிவெத்தின் கடைசி இறக்கம் லடவ் ஏரிக்குப் போவது, அதுவும் மண்ணும் கல்லும் அரித்துக் கிடக்கிற செங்குத்து. ஏரிக்கரைக்கு வந்து சுரங்கப் பாதையைத் தொட்டால்தான் அகலமான வழி. செப்புச் சுரங்கக்காரர்கள் போட்ட பாதை அது. ஏரியின் குறுக்கே அவர்கள் 1853-இல் கட்டிய கல்பாலத்தில் இன்றும் நடக்கிறோம்.

மொத்த ஏற்றம் ஆயிரம் மீட்டருக்கு மேல். ஏழிலிருந்து ஒன்பது மணி நேரம் வையுங்கள். போன வருடத்து ஆறு மணி நேரத்தை அளவாக எடுக்காதீர்கள்.

ஈரச்சப்பாத்து | மே 20, மதியம் 12:15

ஒரு சின்னத் திருத்தம், லிவெத் என்று எல்லாரும் எழுதுறம். வெல்ஷில் தொடக்கத்தில் இரட்டை எல். நாக்கை ல சொல்ல வைச்சுக்கொண்டு காத்தை மட்டும் பக்கத்தால் ஊத வேணும். பெட்டுஸ்-அ-கோய்ட்டில் ஒரு கடைக்கார அம்மா எனக்குப் பத்து நிமிசம் பழக்கினா. எனக்கு வரவேயில்லை. பதிலுக்கு ழ சொல்லிக் கொடுத்தன். அவவுக்கு இரண்டாம் முறையே வந்திட்டுது. எங்கட ஆட்களிலேயே பாதிப் பேருக்கு வராத எழுத்து.

கல்லும்கதையும் | மே 20, மதியம் 1:02

:) அர் வித்வா என்றால் கல்லறை மேடு என்று பொருள் சொல்வார்கள். ரீட்டா என்ற அரக்கன், வென்ற மன்னர்களின் தாடியை எல்லாம் வழித்து அங்கி தைத்துப் போட்டுக்கொண்டானாம். கடைசியாக ஆர்தரின் தாடிக்கு ஆள் அனுப்பினான். ஆர்தர் அவனைக் கொன்றார். அவனைப் புதைத்த கற்குவியல்தான் சிகரம்.

பொடிநடை | மே 20, இரவு 9:15

முடிவு இது. ஹெல்மெட் நாலு வாடகைக்குச் சொல்லியாயிற்று. மலை வானிலை அறிக்கையை மூன்று நாள் முன்பிருந்து பார்ப்போம். பன்றிக் கணவாயில் நால்வரும் நின்று பேசி, ஒருவர் வேண்டாம் என்றாலும் நால்வரும் பிக் பாதை. காற்று மணிக்கு 30 மைலுக்கு மேல் என்றாலும் பிக் பாதை. பென்-அ-பாஸ் பார்க்கிங் முன்பதிவு தீர்ந்துவிட்டதால் நான்ட் பெரிஸில் காரை விட்டு பஸ். போய்வந்து எழுதுகிறேன்.

தனிவழி | மே 20, இரவு 9:40

வாழ்த்துகள். (30 மைல் ரொம்பக் கம்மி.)

---

பொடிநடை | ஜூன் 16, இரவு 8:20

போய்வந்தோம். கிரிப் கோஹ் போகவில்லை.

முந்தின இரவு வானிலை அறிக்கையில் 900 மீட்டரில் காற்று வீச்சு 45 மைல். காலையில் கீழே இலை அசையவில்லை. பென்-அ-பாஸில் சட்டை போதும் போல இருந்தது. எங்களில் இரண்டு பேர் "அறிக்கை தப்பு" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அதில் ஒருவன் நான். பன்றிக் கணவாய்க்கு வந்து மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் தொப்பி பறந்தது. திரும்பி வரவில்லை. பேச்சு அரை நிமிடத்தில் முடிந்தது.

ஆனால் அங்கே நின்ற கால் மணி நேரத்தில் இருபது பேராவது வலது பக்கம் ஏறினார்கள். ஒரு அப்பா பத்து வயது போலத் தெரிந்த பையனோடு. சொல்ல வெட்கம்தான், அவர்களைப் பார்த்ததும் என் கால் தானாக வலது பக்கம் ஓர் அடி வைத்தது. உயரம் ஒத்துக்கொள்ளாத நண்பன்தான் "பேசியது என்ன?" என்று கேட்டான்.

பிக் பாதையில் சிகரம். அங்கே உட்கார முடியாத காற்று, சிகரத்துக் கட்டடத்தின் சுவரோடு ஒண்டிக்கொண்டு புளியோதரை சாப்பிட்டோம். வலதுமுழங்கால் எச்சரித்தபடி கடல்காகங்கள் வரிசையில் நின்றன. வாட்கின் சரிவைப் பார்த்துவிட்டு லிவெத்தும் வேண்டாம் என்று சுரங்கப் பாதையில் இறங்கினோம். இறங்கும் வழியில் கிளாஸ்லின் கரையில் நிமிர்ந்து பார்த்தபோது ஹெலிகாப்டர் ஒன்று கிரிப் கோஹ் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. யாருக்கு, என்ன என்று தெரியவில்லை.

திரும்பும்போது பென்-அ-கூரிட் விடுதியில் டீ. 1953 எவரெஸ்ட் குழு இந்த மலைகளில் பயிற்சி எடுத்தபோது தங்கிய இடம். உட்கூரையில் அவர்கள் போட்ட கையெழுத்துகள் இருக்கின்றன. அவர்களும் இங்கே காற்றைப் பார்த்துத் திரும்பியிருப்பார்கள் என்று எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம்.

மான்செஸ்டர் மணி | ஜூன் 16, இரவு 9:01

தொப்பியோடு போயிற்று, நல்லது. மலை அங்கேயேதான் இருக்கும். செப்டம்பர் பாருங்கள்.

தனிவழி | ஜூன் 16, இரவு 9:18

45 மைலா? அதற்கு நானும் போயிருக்க மாட்டேன். மழைக்குத்தான் பயப்பட மாட்டேன்.

ஈரச்சப்பாத்து | ஜூன் 16, இரவு 9:25

தம்பி திருந்திக்கொண்டு வாறார். பொறுங்கோ.

---

பொடிநடை | செப்டம்பர் 14, இரவு 10:05

மூன்று மாதம் கழித்து இழையைத் தோண்டி எடுக்கிறேன். நேற்று முழு வட்டமும் முடிந்தது. எட்டு மணி நாற்பது நிமிடம்.

மூன்று பேர்தான். நண்பன் முதலிலேயே சொல்லிவிட்டான், லான்பெரிஸ் பாதையில் ரயில் தண்டவாளத்தை ஒட்டித் தனியாக ஏறி சிகரத்தில் சந்திப்பதாக. அவன் எங்களுக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து, காற்றுக்கு மறைவான இடம் பிடித்து, பிளாஸ்கில் டீயோடு உட்கார்ந்திருந்தான்.

காற்று பத்து மைல், பாறை காய்ந்திருந்தது. ஏழு மணிக்கே தொடங்கியதால் கூட்டம் இல்லை. கிழக்கு முகத்தில் ஓர் இடத்தில் அடுத்த பிடி தெரியாமல் நின்றேன். பிடி இருந்தது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. முகட்டில் முதல் இருபது அடி மண்டியிட்டுப் போனேன். பிறகு மணி அண்ணே சொன்ன கைப்பிடிச் சுவர் கணக்கு புரிந்தது. விளிம்பைப் பிடித்தால் உடம்பு தானாக நிமிர்கிறது. வலது பக்கம் ஒரே ஒரு தடவை பார்த்தேன். அவசியம் இல்லை என்றது உண்மைதான்.

நடு முகட்டில் எங்களுக்கு முன்னால் ஒரு பெண் பாறையைக் கட்டிப்பிடித்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூட வந்தவர் "வா வா, ஒன்றும் இல்லை" என்று கத்திக்கொண்டிருந்தார். பின்னால் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டோம். எங்களுக்குப் பின்னால் வந்த வயதான வெல்ஷ்காரர் ஒருவர் எல்லாரையும் உட்காரச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்து மலையைப் பற்றிப் பேசாமல் அவர் வீட்டு நாயைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். கால் மணி நேரம். அப்புறம் அந்த அம்மா தானே எழுந்து, அவர் சொல்கிற இடத்தில் ஒவ்வொரு காலாக வைத்து நகர்ந்தார். பூல்ஹ் கோஹ் புல் தரையில் அவர் அழுதார், நாங்கள் பிஸ்கட் கொடுத்தோம், கூட வந்தவர் யாரையும் பார்க்காமல் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார்.

வாட்கின் சரிவை உட்கார்ந்தே பாதி இறங்கினேன். பேண்ட் பின்பக்கம் போயிற்று. லிவெத்தில் வலதுமுழங்கால் எழுதியது ஒரு வரிகூட மிகையில்லை: ஏறும்போது மூவரும் பேசுவதை நிறுத்திவிட்டோம். இரண்டாவது உச்சியில் நின்று எதிரே பார்த்தால் காலையில் நாங்கள் ஊர்ந்த முகடு முழுவதும் ஏரிக்கு அந்தப் பக்கம் தெரிகிறது, அதன்மேல் எறும்பு மாதிரி ஆட்கள். அக்கா, நுங்கின் தடுப்பு நன்றாகவே தெரிந்தது.

கல்லும்கதையும் | செப்டம்பர் 15, காலை 6:30

மகிழ்ச்சி தம்பி. சிகரத்தில் சிப்பி பார்த்தீர்களா?

பொடிநடை | செப்டம்பர் 15, காலை 7:10

டீயைப் பார்த்ததும் சிப்பி மறந்துவிட்டது அக்கா.

தனிவழி | செப்டம்பர் 15, காலை 9:44

வாழ்த்துகள் பாஸ். அக்டோபர் முதல் வாரம் போகலாம் என்று இருக்கிறேன். அந்த ஹெல்மெட் வாடகை எவ்வளவு, தலை அளவு முதலிலேயே சொல்ல வேண்டுமா?

பொடிநடை | செப்டம்பர் 15, காலை 10:02

அளவு வேண்டாம், பின்னால் திருகினால் தலைக்குப் பொருந்திக்கொள்ளும். பூட்ஸும் அதே கடையில் வாடகைக்குக் கிடைக்கும்.